வரியின் முடிவில் ஒரு 13

விண்டோஸ் கணினியில் எழுதிய ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்டை லினக்ஸ் சர்வருக்குக் கொண்டுபோய் ஓடவிட்டால், சில நேரம் அது முதல் வரியிலேயே நின்றுவிடும். பிழைச் செய்தியில் ஷெல்லின் பெயர் சரியாகத்தான் இருக்கும். அதன் வாலில் மட்டும் ஒரு கூரைக் குறியும் 'எம்' என்ற எழுத்தும் ஒட்டிக்கொண்டிருக்கும். எடிட்டரில் திறந்து பார்த்தால் அப்படி எதுவும் இருக்காது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் இதில் ஒரு முழு மத்தியானத்தைத் தொலைத்துவிடுவார்கள். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து அந்த எம் யார் என்று சொல்லித் தருவது எனக்குப் பிடித்த வேலை.

எம் ஆங்கில வரிசையில் 13ஆவது எழுத்து. கண்ணுக்குப் புலப்படாத 13 என்ற பைட்டைக் காட்டவேண்டி வரும்போது கணினி அதைக் கூரையோடு கூடிய எம்மாகக் காட்டுகிறது. இன்றைக்கு நிரல் எழுதுகிறவர்கள் அதைத் தொந்தரவாக மட்டுமே அறிவார்கள். அது எங்கே பிறந்தது, எந்தெந்த வீடுகளில் தங்கியது, எங்கே வெளியே நிறுத்தப்பட்டது என்று தொடர்ந்து போனால், ஒரு கோப்பு எப்படிப்பட்டது என்பதை யார் சொல்ல வேண்டும் என்ற கேள்வியில் கொண்டுபோய் விடும்.

13 தந்திக்காரர்கள் வீட்டுப் பிள்ளை. நியூசிலாந்தில் பிறந்த டொனால்ட் மரே, தட்டச்சு விசைப்பலகையோடு கூடிய தந்திக்காக 1901இல் ஒரு குறியீட்டு முறையை வகுத்தார். எழுத்துகளோடு இரண்டு ஏவல்களுக்கும் அதில் இடம் வைத்தார். ஒன்று, அச்சுத் தலையை இடது ஓரத்துக்குத் திருப்பு என்பது. மற்றொன்று, காகிதத்தை ஒரு வரி நகர்த்து என்பது. 1963இல் ஆஸ்கி தரம் வந்தபோது இவற்றுக்கு எண்கள் கிடைத்தன. 'கேரியேஜ் ரிட்டர்ன்' 13 ஆனது, 'லைன் ஃபீட்' 10 ஆனது.

இரண்டும் ஏன் தனித்தனியாக வேண்டும் என்பதை டெலிடைப் மாடல் 33 இயந்திரம் நன்றாக விளக்கும். அது வினாடிக்கு 10 எழுத்துகளை அச்சிட்டது. ஓர் எழுத்துக்குப் பத்தில் ஒரு பங்கு வினாடிதான் அவகாசம். ஆனால் வலது ஓரத்தில் நிற்கும் அச்சுத் தலை இடது ஓரத்துக்குத் திரும்ப அதைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும். 13ஐ அனுப்பியவுடன் அடுத்த வரியின் முதல் எழுத்தை அனுப்பினால், தலை திரும்பி வருகிற வழியிலேயே, காகிதத்தின் நடுவில் எங்கோ அது பதிந்துவிடும். அதனால் முதலில் 13, பிறகு 10 என்று அனுப்பினார்கள். 10 காகிதத்தை நகர்த்தி முடிப்பதற்குள் தலை ஓரத்துக்கு வந்து சேர்ந்துவிடும். இரும்புத் தலை ஒன்று ஓடி வருவதற்கான அவகாசம் இப்படித்தான் கோப்புகளுக்குள் இரண்டு பைட்டுகளாக உறைந்தது.

பிறகு வீடு பிரிந்தது. மல்டிக்ஸ் இயங்குதளம் வரி முடிவுக்கு 10 மட்டும் போதும் என்று முடிவெடுத்தது. அச்சு இயந்திரத்துக்கு 13 தேவையென்றால், அந்த இயந்திரத்தோடு பேசும் டிரைவர் சேர்த்துக்கொள்ளட்டும், கோப்பு ஏன் அதைச் சுமக்க வேண்டும் என்பது அதன் நியாயம். மல்டிக்ஸில் வேலை செய்துவிட்டு வந்த கென் தாம்ப்சனும் டெனிஸ் ரிட்சியும் யூனிக்ஸில் அதே வழியில் போனார்கள். கேரி கில்டால் எழுதிய சிபி/எம், 13ஐயும் 10ஐயும் ஜோடியாகவே வைத்துக்கொண்டது. அதன் வழியில் 1981இல் எம்எஸ்-டாஸ் வந்தது, பின்னால் விண்டோஸ் வந்தது. பழைய மேக்கின்டாஷ் 10ஐ விட்டுவிட்டு 13ஐ மட்டும் வைத்துக்கொண்டது. மூன்று வீடு, மூன்று வழக்கம். அவரவர் வீட்டுக்குள் இருந்தவரை யாருக்கும் சிக்கல் இல்லை.

கோப்புகள் வீடு மாறத் தொடங்கியபோது சிக்கல் வந்தது. எஃப்டிபி வழியாகக் கோப்பு அனுப்பிய தலைமுறைக்கு 'ஆஸ்கி', 'பைனரி' என்ற இரண்டு முறைகள் நினைவிருக்கும். ஆஸ்கி முறையில் அனுப்பினால் போகிற வழியில் வரி முடிவுகள் சேருமிடத்தின் வழக்கத்துக்கு மாற்றப்படும். உரைக் கோப்புக்கு அது உதவி. படத்தையோ சுருக்கிய கோப்பையோ அதே முறையில் அனுப்பினால் அழிவு. படத்துக்குள் தற்செயலாக 13உம் 10உம் அடுத்தடுத்து வந்தால் அது வரி முடிவு ஆகாது. ஏதோ ஒரு நிறத்தின் அளவாக இருக்கும். அங்கே 13ஐ நீக்கிவிட்டால் மீட்க வழியே இல்லை. படத்தில் தனியாக நிற்கும் 10களும் இருக்குமே! எந்த 10க்கு முன்னால் 13 இருந்தது, எதற்கு முன்னால் இல்லை என்பதை அதற்குப் பிறகு யாராலும் சொல்ல முடியாது.

இந்த அனுபவம் ஒரு கோப்பு வகையின் நெற்றியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. 1996இல் வந்த பிஎன்ஜி படக் கோப்பின் முதல் எட்டு பைட்டுகள் எப்போதும் 137, 80, 78, 71, 13, 10, 26, 10 என்றுதான் இருக்கும். நடுவில் உள்ள 80, 78, 71 மூன்றும் பி, என், ஜி என்ற எழுத்துகள். முதலில் வரும் 137, எட்டாவது பிட்டை வெட்டிவிடும் வழியாகக் கோப்பு வந்திருந்தால் காட்டிக்கொடுக்கும். 13, 10 ஜோடி உடைந்திருந்தால், யாரோ விண்டோஸிலிருந்து யூனிக்ஸுக்கு வரி மாற்றம் செய்திருக்கிறார்கள் என்று தெரியும். கடைசியில் தனியாக நிற்கும் 10க்கு முன் ஒரு 13 முளைத்திருந்தால், எதிர்த் திசையில் மாற்றம் நடந்திருக்கிறது. 26 டாஸுக்கானது, திரையில் கோப்பைக் கொட்டும் கட்டளை அந்த இடத்தில் நின்றுவிடும். வழியில் என்ன தீங்கு நேரும் என்று முன்பே தெரிந்து, அந்தத் தீங்கைக் கண்டுபிடிக்கும் பொறியைக் கோப்பின் வாசலிலேயே வைத்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதை கூடுகிறது.

இன்னொரு பக்கம் 13 வெர்ஷன் கண்ட்ரோல் மென்பொருள்களுக்குள்ளும் நுழைந்துவிட்டது. 1972இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்ட் எழுதிய எஸ்சிசிஎஸ், 1980களின் தொடக்கத்தில் வால்டர் டிக்கி எழுதிய ஆர்சிஎஸ் இரண்டும் நிரல் வரிகளைக் காக்கவே பிறந்தவை. அவற்றின் கண்ணுக்குக் கோப்பு என்றால் வரிகளின் அடுக்கு. கோப்புக்குள் டாலர் குறிகளுக்கு நடுவே ஒரு சொல்லை எழுதிவைத்தால், ஆர்சிஎஸ் பதிப்பு எண்ணையும் தேதியையும் அந்த இடத்தில் நிரப்பிக் கொடுக்கும். ஆர்சிஎஸ்ஸின் மேல் எழுந்த சிவிஎஸ், நெட்வொர்க் வழியாகப் பலரையும் ஒரே ரெப்போவில் சேர்த்தது. விண்டோஸில் எடுப்பவருக்கு 13ஐச் சேர்த்துக் கொடுத்தது, திரும்பி வரும்போது நீக்கிக்கொண்டது. எதுவும் சொல்லாவிட்டால் எல்லாமே உரைதான் என்பது அதன் நம்பிக்கை. படத்தைச் சேர்க்கும்போது 'கேபி' என்ற ஒட்டை மறக்காமல் போட வேண்டும். மறந்தால், நிறத்தின் அளவாக இருந்த 13 காணாமல் போகும். தற்செயலாக டாலர் குறிகள் அமைந்துவிட்டால் படத்துக்குள் தேதியும் ஏறிவிடும்.

பெயரின் வால் எழுத்தைப் பார்த்துத் தானாக 'கேபி' போட சிவிஎஸ்ஸில் ஒரு வழி இருந்தது. சர்வரில் ஒரு கோப்பில் விதிகளை எழுதிவைக்கலாம். ஆனால் அந்த விதி கோப்பு உள்ளே நுழையும் நேரத்தில் மட்டுமே கேட்கப்படும். ஏற்கெனவே தவறாக நுழைந்ததை அது திருத்தாது. பின்னால் கையால் திருத்தப் போனால், அந்தத் திருத்தம் கோப்பின் எல்லாப் பழைய பதிப்புகளுக்கும் ஒரே நேரத்தில் பொருந்திவிடும். நேற்று உரையாக இருந்தது இன்று பைனரியாக மாறியது என்று சிவிஎஸ்ஸிடம் சொல்ல வழியில்லை. கோப்பின் உள்ளடக்கத்துக்கு வரலாறு வைத்திருந்த மென்பொருள், கோப்பின் இயல்புக்கு வரலாறு வைக்கவில்லை.

2004 பிப்ரவரியில் 1.0 பதிப்பாக வந்த சப்வெர்ஷன் இந்தப் பாடங்களைப் படித்துவிட்டு வந்தது. கேட்காமல் எந்த பைட்டையும் தொடுவதில்லை என்பதை அது இயல்பு நிலையாக வைத்தது. வரி முடிவை மாற்ற வேண்டுமென்றால் கோப்பின் மேல் ஒரு பண்பை எழுதி ஒட்ட வேண்டும். அந்தப் பண்புக்கும் பதிப்பு உண்டு. வரி முடிவுகள் ஒரு கோப்பில் கலந்து கிடந்தால் அந்தப் பண்பை ஒட்ட மறுத்துவிடும். உரையைப் பைனரி என்று தவறாக நினைத்தால் வசதி குறையும். பைனரியை உரை என்று தவறாக நினைத்தால் பொருளே அழியும். இரண்டும் ஒரே எடையுள்ள தவறுகள் அல்ல. எதிர் எதிர்த் தட்டுகளில் வைத்து எடை பார்த்தவர்கள் எடுத்த முடிவாக எனக்கு இது தெரிகிறது.

ஆனாலும் ஒரு புதிய கோப்பைச் சேர்க்கும்போது அது உரையா பைனரியா என்று சப்வெர்ஷன் ஊகித்தாக வேண்டியிருந்தது. அந்த ஊகம் தமிழ் எழுதுகிற எவரையும் நேராகத் தொடும். கோப்பின் முதல் 1024 பைட்டுகளை அது பார்க்கும். ஒரே ஒரு பூஜ்ஜிய பைட் இருந்தாலும் பைனரி. இல்லையென்றால், ஆங்கில எழுத்து, எண், இடைவெளி போன்ற சாதாரண ஆஸ்கி பைட்டுகள் எவ்வளவு என்று கணக்கிடும். நூற்றில் 15க்கு மேல் வேற்று பைட்டுகள் இருந்தால் பைனரி என்பதுதான் எண்ணம். நிரலில் நிபந்தனையைத் தலைகீழாக எழுதிவிட்டார்கள். நடைமுறையில் 85 சதவீதத்துக்கு மேல் போனால்தான் பைனரி என்று ஆனது. எழுதியவரே மூல நிரலில் குறிப்பு எழுதி இதை ஒப்புக்கொண்டிருக்கிறார். யாரும் புகார் சொல்லவில்லை, இப்போது மாற்ற வேண்டுமா என்று தெரியவில்லை என்ற பொருளில் அந்தக் குறிப்பு போகிறது.

யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். மூன்றுமே ஆஸ்கிக்கு வெளியே. 'தமிழ்' என்ற சொல் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள், 15 பைட். பின்னால் ஓர் இடைவெளி சேர்த்தால் 16. அதில் 15 வேற்று பைட்டுகள், ஏறக்குறைய 94 சதவீதம். சிறிய சொற்களாகப் பார்த்து எழுதினாலும் தப்புவது கடினம். 'நீ வா நீ வா' என்று பக்கம் முழுக்க எழுதினால், சொல்லுக்கு ஆறு பைட், இடைவெளிக்கு ஒன்று. ஏழில் ஆறு என்பது 85.7 சதவீதம். தவறுதலாகத் தளர்ந்துபோன எல்லையைக்கூடத் தமிழ் தாண்டிவிடுகிறது. எண்ணியபடி 15 சதவீதத்தில் எல்லை இருந்திருந்தால் பிரெஞ்சுக்காரருக்கும் ஜெர்மானியருக்கும் பெரிய பாதிப்பு இருந்திருக்காது. அவர்கள் எழுத்தில் பெரும்பகுதி ஆஸ்கிதான். தமிழ், ஜப்பானியம், தாய் எழுதுகிறவர்களுக்குத்தான் அந்தக் கதவு மூடியிருந்தது.

இதன் விளைவு என்ன? நல்ல தமிழில் எழுதிய ஒரு கட்டுரைக் கோப்பைச் சேர்த்தால், சப்வெர்ஷன் அதன் மேல் பைனரி முத்திரை குத்தும். அதற்குப் பிறகு எந்த வரி மாறியது என்று கேட்டால், இது பைனரி, காட்ட முடியாது என்று பதில் வரும். இந்த வரியை யார் எழுதினார் என்று கேட்டாலும் அதே பதில். இரண்டு பேர் வெவ்வேறு பத்திகளைத் திருத்தினால் சேர்த்துத் தராது. ஒரு கோப்பு உரையாக மதிக்கப்பட்டால் கிடைக்கும் அத்தனை வசதியும், எழுதிய மொழியின் காரணமாக மறுக்கப்படும். அதை எழுதியவர்களுக்குத் தமிழ்மேல் எந்தப் பகையும் இல்லை. உரை என்றால் எப்படி இருக்கும் என்று அவர்கள் மனத்தில் இருந்த படத்தில் நாம் இல்லை, அவ்வளவுதான். ஊகத்தை எவ்வளவு நுட்பமாக்கினாலும், அதை எழுதியவரின் உலகம் அதற்குள் இருந்துகொண்டே இருக்கும்.

பெயரின் வாலைப் பார்த்து முடிவு செய்யலாமே என்று தோன்றும். அதுவும் ஓரளவுக்குத்தான். 'டிஎஸ்' என்று முடியும் கோப்பு டைப்ஸ்கிரிப்ட் நிரலாக இருக்கலாம். எம்பெக் வீடியோவாக இருக்கலாம். க்யூடி மென்பொருளின் மொழிபெயர்ப்புக் கோப்பாகவும் இருக்கலாம். முதலும் மூன்றாவதும் உரை, நடுவில் உள்ளதில் ஒரு பைட்டைத் தொட்டாலும் கெட்டது. எந்த மென்பொருளும் உலகம் முழுமைக்கும் 'டிஎஸ்' என்றால் இதுதான் என்று விதி எழுத முடியாது. ஆனால் ஒரு குறிப்பிட்ட திட்டத்தில் வேலை செய்கிற ஆறு பேருக்கு அதில் ஒரு நொடிகூடச் சந்தேகம் இருக்காது.

அந்த ஆறு பேருக்குத் தெரிந்ததை எங்கே எழுதிவைப்பது? சப்வெர்ஷன் இங்கேதான் தடுமாறியது. எந்த வால் எழுத்துக்கு எந்தப் பண்பு என்ற விதிகளை ஒவ்வொருவரும் தத்தம் கணினியின் அமைப்புக் கோப்பில் எழுதிக்கொள்ள வேண்டும். திட்டத்தின் வழிகாட்டிப் பக்கத்தில் 'இந்த வரிகளை உங்கள் கணினியில் ஒட்டிக்கொள்ளுங்கள்' என்று ஒரு பத்தி இருக்கும். புதிதாக வருபவர் அதைப் படித்திருக்க மாட்டார். பஜார் மென்பொருளும் விதிகளைப் பயனரின் வீட்டு அடைவில்தான் வைத்தது. மெர்க்யூரியலின் முதல் ஏற்பாடும் அப்படித்தான். பைத்தான் மொழியின் நிரல்தளம் சப்வெர்ஷனிலிருந்து மெர்க்யூரியலுக்கு மாறும்போது, வரி முடிவுகளுக்கு உறுதியான ஏற்பாடு இல்லாதது பெரிய தடையாக நின்றது. 2010இல் மெர்க்யூரியலுக்கு ஒரு புதிய நீட்சி வந்தது. அதன் விதிகள் திட்டத்தின் வேர் அடைவில் ஒரு கோப்பாகவே இருக்கும், மற்றக் கோப்புகளோடு சேர்ந்து பதிப்பிடப்படும். 2011இல் பைத்தான் இடம் மாறியது. சப்வெர்ஷனும் 2013இல் 1.8 பதிப்பில், விதிகளை ரெப்போவிலேயே எழுதிவைக்க வழி செய்தது. 1.0 வந்து ஒன்பது ஆண்டு கழித்து.

கிட் இந்தப் பாதை முழுவதையும் தனியாக இன்னொரு முறை நடந்தது. 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னலுக்காக எழுதத் தொடங்கியபோது அதற்கு வரி என்றே ஒன்று தெரியாது. பைட்டுகளை வாங்கும், கூட்டு எண் கணக்கிடும், அப்படியே வைக்கும். விண்டோஸ்காரர்கள் வந்த பிறகு 2007இல் 'ஆட்டோ-சிஆர்எல்எஃப்' என்ற அமைப்பு சேர்ந்தது. அது ஒவ்வொருவர் கணினியிலும் தனித்தனியாக இருப்பது. விண்டோஸில் கிட்டை நிறுவும்போது ஒரு பக்கத்தில் மூன்று தேர்வுகளைக் காட்டி, வரி முடிவுகளை என்ன செய்யலாம் என்று கேட்பார்கள். திட்டத்தின் ஒரு வரியைக்கூட இன்னும் பார்க்காத ஒருவரிடம், இனி அவர் தொடப்போகும் எல்லாத் திட்டங்களுக்கும் சேர்த்துக் கேட்கப்படும் கேள்வி அது. பலர் படிக்காமலே அடுத்த பொத்தானை அழுத்துகிறார்கள், நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கேள்வி தவறான ஆளிடம் கேட்கப்படுகிறது. பிறகு ஒருநாள் ஒற்றை வரித் திருத்தத்துக்கு நாலாயிரம் வரிகள் மாறியதாக டிஃப் காட்டும். ஒவ்வொரு வரியின் முடிவிலும் 13 வந்து நின்றிருக்கும். அந்த வரிகளை யார் எழுதினார் என்ற வரலாறு முழுக்கக் கடைசியாகத் தொட்டவர் பெயருக்கு மாறியிருக்கும்.

சரியான விடையும் 2007லேயே முளைத்தது. 2010இல் வந்த 1.7.2 பதிப்பில் இன்றைய வடிவம் பெற்றது. கிட்ஆட்ரிபியூட்ஸ் என்ற, புள்ளியில் பெயர் தொடங்கும் ஒரு சின்னக் கோப்பு. இந்த வால் உள்ளது உரை, இது பைனரி, இதற்கு எப்போதும் 10 மட்டும், இதற்கு எப்போதும் 13உம் 10உம் என்று வரிக்கு ஒன்றாக எழுதலாம். தனி மனிதரின் அமைப்பும் இதுவும் முரண்பட்டால் இதுவே வெல்லும். கோப்புகளோடு சேர்ந்து கமிட் ஆகும், குளோன் செய்பவரோடு போகும், பழைய பதிப்பை எடுத்தால் அந்தக் காலத்து விதியோடு வரும். சிவிஎஸ்ஸில் இல்லாதிருந்த வரலாறு இதில் இருக்கிறது.

இதில் ஒரு நுணுக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். குறிப்பிட்ட வகைக் கோப்பை ஒரு வடிகட்டி வழியாக அனுப்பு என்றும் அந்தக் கோப்பில் எழுதலாம். ஆனால் வடிகட்டியின் பெயரை மட்டுமே எழுத முடியும். அந்தப் பெயருக்கு எந்தக் கட்டளை ஓட வேண்டும் என்பது அவரவர் கணினியில்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால் முன்பின் தெரியாத ஒருவரின் ரெப்போவை குளோன் செய்த மாத்திரத்தில் அவர் எழுதிய கட்டளை நம் கணினியில் ஓடிவிடும். கோப்பு எப்படிப்பட்டது என்ற அறிவு ஊர்விட்டு ஊர் போகலாம். என் கணினியில் எதை ஓடவிடுவது என்ற அதிகாரம் போகக்கூடாது. எல்லையை அந்த இடத்தில் போட்டவர் நன்றாக யோசித்திருக்கிறார்.

விதி எழுதாத கோப்புகளுக்கு கிட்டும் ஊகம்தான் செய்கிறது. டிஃப் காட்டும்போது முதல் 8000 பைட்டுகளில் பூஜ்ஜியம் இருக்கிறதா என்று பார்க்கும். யுடிஎஃப்-8 தமிழில் பூஜ்ஜியம் வராது என்பதால் நம் கோப்புகள் இங்கே உரையாகவே மதிக்கப்படுகின்றன. யுடிஎஃப்-16இல் சேமித்திருந்தால் ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரு பூஜ்ஜியம் உண்டு. உடனே பைனரி ஆகிவிடும். 2018இல்தான், இந்தக் கோப்பு இந்தக் குறியாக்கத்தில் இருக்கிறது என்று விதிக் கோப்பில் எழுதும் வசதி வந்தது. குறியாக்கம் தெரியாமல் 13ஐத் தேடுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு நம் பக்கத்து மொழியே சாட்சி. யுனிகோடில் மலையாளத்தின் 'ஊ' எழுத்துக்கு எண் 3338. 256ஆல் வகுத்தால் ஈவு 13, மீதி 10. பெரிய பைட் முதலில் வரும் யுடிஎஃப்-16இல் அந்த ஓர் எழுத்து 13, 10 என்றே எழுதப்படும். டெலிடைப்பின் அதே ஜோடி! பைட்டை மட்டும் பார்த்து மாற்றும் ஒரு கருவி அங்கே 13ஐ நீக்கினால் 'ஊ' மட்டும் போகாது. அதற்குப் பின்னால் உள்ள எல்லா எழுத்தும் ஒரு பைட் நகர்ந்து உருத்தெரியாமல் போகும்.

புதிய திட்டம் தொடங்கினால் நான் முதலில் கமிட் செய்வது அந்த விதிக் கோப்பைத்தான். ஷெல் ஸ்கிரிப்டுகளுக்கு 10 மட்டும். விண்டோஸின் பேட்ச் கோப்புகளுக்கு 13உம் 10உம். அங்கே 13 இல்லாவிட்டால் சில நேரம் வேலை கெடும். படங்களும் எழுத்துருக்களும் பைனரி. மொழிபெயர்ப்புக் கோப்புகள் உரை என்று வெளிப்படையாக ஒரு வரி. எந்த மென்பொருளின் ஊகத்துக்கும் தமிழை விட்டுவைக்க எனக்கு மனமில்லை. பழைய திட்டத்தில் இதைச் சேர்த்தால், ஏற்கெனவே உள்ளே கிடக்கும் கோப்புகளை ஒருமுறை புதிய விதிப்படி சீர்செய்து, அதைத் தனி கமிட்டாக வைக்க வேண்டும். திருத்தங்களோடு கலந்துவிட்டால் பின்னால் படிப்பவர் திணறுவார்.

சோதனைக் கோப்புகள் இருக்கும் அடைவுக்கு மட்டும் இன்னொரு வரி எழுதுவேன்: இங்கே எதையும் மாற்றாதே. விண்டோஸிலிருந்து வரும் கோப்பை நம் நிரல் சரியாகப் படிக்கிறதா என்று பார்க்க, ஒவ்வொரு வரி முடிவிலும் வேண்டுமென்றே 13 வைத்த ஒரு கோப்பு அங்கே இருக்கும். உரைதான், எல்லா ஊகமும் அதை உரை என்றே சொல்லும், நல்லெண்ணத்தோடு 13ஐ நீக்கவும் பார்க்கும். நீக்கினால் எது வந்தாலும் சோதனை தேறிவிடும், நிரல் உடைந்தது யாருக்கும் தெரியாது. அந்தக் கோப்பில் 13 எதற்காக நிற்கிறது என்பது அதை வைத்தவருக்குத்தான் தெரியும், அவர் அதை எழுதி வைத்திருக்கிறார்.